காந்தத்தால் இயங்கும் திரவ உலோகப் பட்டன் ஸ்விட்ச்: குப்பிக்குள் எதை நகர்த்துவது?

அம்பை அரவை எழுதியது:

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையின் மின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். உமித்தூசியும் தவிட்டு மாவும் பறக்கும் இடத்தில் ஸ்டார்ட், ஸ்டாப் பட்டன்கள் எவ்வளவு காலம் ஒழுங்காக வேலை செய்யும் என்பதை ஆலை வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரப்பர் மூடி போட்டாலும், தண்டு மேலும் கீழும் போய்வரும் இடைவெளி வழியாகத் தூசி உள்ளே இறங்கி, எலிமென்ட்டின் (பட்டனுக்குப் பின்னால் சுற்றை இணைத்துப் பிரிக்கும் பகுதி) வெள்ளி முனைகளுக்கு இடையே படிந்துவிடுகிறது. ஐப்பசி மழையில் அந்தத் தவிடு ஈரம் குடித்து இறுகியும் போகிறது. இதனால், மின்முனைகளை முழுவதுமாகக் கண்ணாடிக் குப்பிக்குள் அடைத்துவிட்டு, விரல் அழுத்துகிற பட்டனில் ஒரு காந்தத்தை மட்டும் வைத்து, குப்பியின் சுவர் வழியாகவே உள்ளே இருக்கும் பாதரசத்தை நகர்த்தி இணைப்பு கொடுக்க முடியுமா என்று யோசிக்கிறேன். சுவரைத் துளைத்துச் செல்லும் தண்டே இல்லையென்றால் தூசி நுழைய வழியும் இல்லை. இதன் வடிவமைப்பைப் பற்றி அனுபவமுள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பொருநைக்கரையான் எழுதியது:

எண்ணம் நல்லது. ஆனால் முதல் படியிலேயே ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும், தம்பி. பாதரசத்தைக் காந்தம் இழுக்காது. அது டயா காந்தப் பொருள்; காந்தத்தை மிக மிக மெலிதாக விலக்கும் இனத்தைச் சேர்ந்தது. ஆகவே குப்பிக்குள் இரண்டு பேர் வேண்டும். காந்தத்துக்குக் கட்டுப்பட்டு நகர்வதற்கு ஓர் இரும்புத் துண்டு, மின்சாரத்தைக் கடத்துவதற்குப் பாதரசம். பாதரசத்தோடு இரும்பு சேர்ந்து இரசக்கலவை ஆவதில்லை என்பது நமக்குக் கிடைத்த வசதி. பாதரசத்தை இரும்புக் குடுவைகளில் அடைத்து விற்று வந்ததற்கும் அதுவே காரணம். பாதரசத்தோடு கலந்து இரசக்கலவையாகிவிடும் தங்கம், வெள்ளி, செம்பு, ஈயம், அலுமினியம் எதையும் உள்ளே வைக்கக் கூடாது.

பழைய பாதரச ரிலேக்களில் (காயிலில் பாயும் சிறு மின்சாரத்தால் வேறொரு சுற்றைப் போட்டு நிறுத்தும் ஸ்விட்சுகள்) இந்தத் தத்துவம் நெடுங்காலம் பயன்பட்டிருக்கிறது. பாதரசத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 13.5 கிராம், இரும்புக்கு 7.87 கிராம். எனவே மேலும் கீழும் நகரும் இரும்பு உருளையான பிளஞ்சர் பாதரசத்தில் மிதக்கும். குப்பியைச் சுற்றிய கம்பிச் சுருளான காயிலில் மின்சாரம் பாய்ந்தால் பிளஞ்சர் கீழே இழுபடும். அது இடம்பெயர்த்த பாதரசம் மேலேறி மேல் மின்முனையைத் தொடும். சூட்டு அடுப்புகளுக்கு அடிக்கடி போட்டு நிறுத்த வேண்டிய இடங்களில் அவை ஓசையில்லாமல் பல ஆண்டுகள் உழைத்தன. காயிலுக்குப் பதிலாகப் பட்டனோடு நகரும் வளையக் காந்தத்தைக் குப்பியைச் சுற்றி வைத்தால் நீங்கள் கேட்கும் ஸ்விட்ச் ஏறக்குறைய வந்துவிடும்.

பேட்டை லேத் எழுதியது:

பொருநைக்கரையான் அண்ணாச்சி சொன்னதை வைத்து அளவு போட்டுப் பார்த்தேன். குப்பியின் உள்விட்டம் 8 மி.மீ., இரும்புப் பிளஞ்சரின் விட்டம் 6 மி.மீ., நீளம் 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மிதக்கும்போது பிளஞ்சரின் நீளத்தில் 58 விழுக்காடு, அதாவது 5.8 மி.மீ., மூழ்கியிருக்கும். மீதி 4.2 மி.மீட்டரையும் காந்தம் இழுத்து மூழ்கடித்தால் சுமார் 119 கன மி.மீ. பாதரசம் இடம்பெயரும். குப்பியின் குறுக்குப் பரப்பு 50 சதுர மி.மீ. என்பதால் மட்டம் 2.4 மி.மீ. உயரும். மேல் மின்முனையை 1.5 மி.மீ. உயரத்தில் நிறுத்தினால் போதும் என்று தோன்றுகிறது. மூழ்கடிக்கத் தேவையான விசையும் ஒன்றரை கிராம் எடைக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். பிளஞ்சரைக் கடைந்து கொடுப்பதற்கு எனக்கு அரைமணி நேரம் போதும்.

வண்ணார்பேட்டை டீச்சர் எழுதியது:

கணக்கில் பிழையில்லை, ஆனால் அது வாளி அளவில் சரி, பட்டன் அளவில் சரியாகாது. பாதரசத்தின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறக்குறைய 0.485 நியூட்டன். தண்ணீரைப் போல ஆறு மடங்குக்கும் மேல். அது கண்ணாடியை நனைப்பதில்லை. சேர்கோணம் சுமார் 140 டிகிரி. தாமரை இலை மேல் தண்ணீர் நிற்பதைப் போலத்தான் அது கண்ணாடி மேல் நிற்கும். தூய்மையற்ற இரும்பையும் அது நனைக்காது.

உங்கள் அளவின்படி பிளஞ்சருக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து 1 மி.மீ. தான். இருபுறமும் நனையாத சுவர்களைக் கொண்ட அந்தச் சந்துக்குள் பாதரசம் நுழைய வேண்டுமானால், பரப்பு இழுவிசையை வெல்ல சுமார் 5.6 மி.மீ. உயர அழுத்தம் வேண்டும். உங்களிடம் இருக்கும் மட்ட ஏற்றமோ 2.4 மி.மீ. ஆக, பாதரசம் பிளஞ்சரைச் சுற்றி ஏறுவதற்குப் பதிலாக, பிளஞ்சர் ஒரு பிஸ்டன் போல அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். காந்தத்தை விட்டதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரில் ஒட்டவும் கூடும். சந்தை 3 மி.மீ. ஆக்கினால் அந்த 5.6 என்பது 1.9 ஆகக் குறையும். ஆனால் அப்போது குப்பியே 12 மி.மீ. விட்டத்துக்குப் போய், தேவைப்படும் பாதரசமும் மிகுந்துவிடும். இடப்பெயர்ச்சி ரிலேக்கள் பருமனாகவே இருந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ஒரு நீர்மத்தில் எடை ஆள்கிறதா, பரப்பு இழுவிசை ஆள்கிறதா என்பதைக் காட்டும் ஒரு நீளம் உண்டு. பாதரசத்துக்கு அது 1.9 மி.மீ. அதைவிடச் சிறிய இடைவெளிகளில் மட்டம், மிதத்தல் என்ற பேச்சையே விட்டுவிட்டு, எது நனைகிறது, எது நனையவில்லை என்பதை வைத்துத்தான் வடிவமைக்க வேண்டும்.

பொருநைக்கரையான் எழுதியது:

டீச்சர் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். அதனால் சிறிய பட்டனுக்குப் பிளஞ்சரை விட்டுவிட்டு, நனைந்த தகடு முறைக்குப் போகலாம். அதாவது, குளம் போலப் பாதரசத்தை ஊற்றி வைக்காமல், ஒரு மெல்லிய காந்தத் தகட்டின் மேல் படலமாக ஒட்ட வைப்பது. பாதரசம் நனைத்த ரீட் ரிலேக்கள் இந்தக் கொள்கையில்தான் செய்யப்பட்டன. ரீட் என்பது, காந்தம் நெருங்கினால் தொட்டுக்கொள்ளும் மெல்லிய காந்த உலோக நாக்குகளைக் கண்ணாடிக்குள் அடைத்த ஸ்விட்ச். ரீட் ஸ்விட்சையே 1936-இல் பெல் ஆய்வகத்தின் எல்வுட் கண்டுபிடித்தார்; அதன் நாக்கில் பாதரசப் படலத்தை ஏற்றியது பின்னர் வந்த வளர்ச்சி. அவற்றில் அடியிலுள்ள சிறு குளத்திலிருந்து பாதரசம் நாக்கின் வழியே மேலேறும் என்பதால் பெரும்பாலானவற்றைச் செங்குத்தாகவே பொருத்த வேண்டும். நமக்குப் பேனல் கதவில் கிடைமட்டமாக நிற்க வேண்டியிருப்பதால் குளமே இல்லாத அமைப்புதான் வேண்டும்.

நான் நினைப்பது இப்படி. 6 மி.மீ. விட்டமும் 0.5 மி.மீ. கனமும் உள்ள இரும்பு வட்டத் தகடு, எடை 0.11 கிராம். அதன் இரு முகத்திலும் நிக்கல் பூசி, ஆக்சைடை நீக்கிப் பாதரசத்தால் நனைக்க வேண்டும். கீழே 3 மி.மீ. விட்டமுள்ள நனைந்த ஒரு திண்டு. தகடு அதன் மேல் ஒட்டி உட்கார்ந்திருக்கும். மேலே இரண்டு ஊசி மின்முனைகள். பட்டனை அழுத்தினால் காந்தம் குப்பியின் மேல்முகத்தை நெருங்கித் தகட்டை மேலே இழுக்கும். இரண்டு ஊசிகளையும் தகடு பாலமாக இணைக்கும்.

திண்டின் விளிம்பில் பரப்பு இழுவிசை கொடுக்கும் பிடிப்பு ஏறக்குறைய 4.6 மில்லி நியூட்டன். தகட்டின் எடையோ 1.1 மில்லி நியூட்டன் மட்டுமே. ஆகவே குப்பியைத் தலைகீழாகப் பிடித்தாலும் தகடு விழாது. மோட்டார் அதிர்வையும் ஓரளவு தாங்கும். இழுக்கும் காந்தம் இந்த இரண்டையும் சேர்த்து வென்றால் போதும். கடையில் கிடைக்கும் சிறிய நியோடிமியம் துண்டுக்கு அது பெரிய வேலையில்லை.

வண்ணார்பேட்டை டீச்சர் எழுதியது:

ஏறுவது சரி. இறங்குவதைப் பார்த்தீர்களா? காந்தம் விலகிய பிறகு தகட்டைக் கீழே இழுக்க அதன் எடை மட்டுமே இருக்கிறது. ஊசி முனைகள் 0.3 மி.மீ. விட்டம் என்றால், ஒவ்வொன்றும் 0.46 மில்லி நியூட்டன் பிடிப்பைக் கொடுக்கும். இரண்டும் சேர்ந்து 0.92. எடை 1.1. செங்குத்தாக வைத்தாலே தப்பித்தோம் பிழைத்தோம் என்றுதான் விடுபடும். பேனல் கதவில் படுக்கையாக நின்றால் விடுபடவே விடுபடாது. ஆகவே குப்பியின் அடியில் ஒரு மெலிந்த ஃபெர்ரைட் காந்தத்தை நிலையாகப் பொருத்தி, அது எப்போதும் தகட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்படி செய்ய வேண்டும். மேல் காந்தம் வரும்போது அதை மீறி எடுக்கும். போனதும் அடிக்காந்தம் மீட்டுக்கொள்ளும். அப்படிச் செய்தால், தகடு நடுவழியில் தயங்கி நிற்கும் நிலையே இராது. நெருங்க நெருங்க இரும்பின் மேல் காந்தவிசை மிக வேகமாக ஏறுவதால், ஒரு கட்டத்தைத் தாண்டியதும் தகடு சட்டென்று மறுபக்கம் தாவிவிடும்.

இன்னொன்று: தகடு விலகும்போது ஊசி முனைக்கும் தகட்டுக்கும் நடுவே பாதரசம் ஒரு மெல்லிய தூண் போல நீளும். உருளை வடிவ நீர்மத் தூணின் நீளம் அதன் சுற்றளவைத் தாண்டினால் அது நிலைக்காமல் அறுந்துவிடும் என்பது பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாட்டோவின் பழைய முடிவு. 0.3 மி.மீ. தூணுக்குச் சுற்றளவு 0.94 மி.மீ. எனவே தகட்டின் ஓட்டத்தை 1.5 மி.மீ. வைத்தால் பாலம் உறுதியாக அறும். ஊசி முனையைப் பருமனாக்கினால் ஓட்டத்தையும் கூட்ட வேண்டும். அதனால் காந்தமும் பெரிதாகும். இங்கே சிக்கனம் ஊசி முனையில்தான் இருக்கிறது.

பேட்டை லேத் எழுதியது:

ஊசிக்கு என்ன கம்பி, டீச்சர்? கண்ணாடிக்குள் கசிவில்லாமல் ஏற்ற வேண்டும் என்றால் கோவார் கம்பிதான் வழக்கம் என்று கண்ணாடி ஊதும் நண்பர் ஒருவர் சொல்கிறார்.

மேலப்பாளையம் மின்னியல் எழுதியது:

கோவார் என்பது இரும்பு, நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம். அது நன்றாகவே காந்தமாகும். ஊசிகளைக் கோவாரில் செய்தால் காந்தப்புலம் ஊசிகள் வழியாக ஓடித் தகட்டை அவற்றோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அடிக்காந்தத்தின் மீட்பு வேலை கெடும். போரோசிலிகேட் கண்ணாடியோடு விரிவு ஒத்துப்போகிற டங்ஸ்டன் கம்பி காந்தத்துக்குக் கட்டுப்படாது, பாதரசத்தில் கரையவும் செய்யாது. ஆனால் பாதரசம் அதை நனைக்கவும் செய்யாது என்பதால் முனையில் மட்டும் பிளாட்டினம் வேண்டும். செலவு ஊசி முனையளவுதான்.

குப்பிக்குள் காற்று இருக்கக் கூடாது. நனைந்த ரிலேக்களில் அழுத்தத்துடன் ஹைட்ரஜன் நிரப்புவார்கள். அது பாதரசத்தை ஆக்சைடு ஆகாமல் காப்பதோடு, மின்பொறியையும் விரைவாகக் குளிர்வித்து அணைக்கும். ஒரு பட்டறையில் செய்யக்கூடிய வேலை அன்று இது.

ஆனால் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. பாதரசமே வேண்டுமா? பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா ஒப்பந்தம் 2017 ஆகஸ்ட் 16 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா 2018-இல் அதை ஏற்று உறுதி செய்தது. பாதரச ஸ்விட்சுகளையும் ரிலேக்களையும் மிகச் சில அளவைக் கருவிகளுக்கான விலக்கு தவிர, செய்வதையும் ஏற்றுமதி இறக்குமதி செய்வதையும் முடிவுக்குக் கொண்டுவர அது 2020-ஐ ஆண்டாகக் குறித்தது. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு பற்றிய பேச்சு இன்றும் ஓயவில்லை. அரிசி ஆலையில் ஒரு குப்பி உடைந்தால் பாதரசம் போய்ச் சேர்வது அரிசியில். உணவுப் பொருள் புழங்கும் இடத்தில் அதை நான் ஒருபோதும் பொருத்த மாட்டேன்.

அம்பை அரவை எழுதியது:

அரிசியில் போய்ச் சேரும் என்ற ஒரு வரியே எனக்குப் போதும். பாதரசத்தை விட்டுவிடுகிறேன். கேலியம் கலந்த உலோகங்கள் நச்சுத்தன்மை குறைந்தவை என்று படித்திருக்கிறேன். இதே தகட்டு அமைப்பில் பாதரசத்துக்குப் பதிலாக அதை ஊற்றினால் ஆயிற்றா?

வண்ணார்பேட்டை டீச்சர் எழுதியது:

ஆகாது. பெயரில் இரண்டும் திரவ உலோகம். குணத்தில் நேர் எதிர்.

தனிக் கேலியம் 29.8 டிகிரியில் உருகும். நம் ஊர்ப் பகலில் அது நீர்மமாக இருக்கும், மார்கழி விடியலில் உறையக்கூடும். கேலியம் 75 பங்கும் இண்டியம் 25 பங்கும் சேர்ந்தால் உருகுநிலை ஏறக்குறைய 15.7 டிகிரிக்கு இறங்கும்; சமவெளிக்குப் போதும், மாஞ்சோலைக்குப் போதாது. வெள்ளீயமும் சேர்ந்த கேலின்ஸ்டான் அதைவிடக் கீழே போகும். விற்பனையில் அதன் உருகுநிலையைச் சுழிக்குக் கீழ் 19 என்று குறிப்பிடுவார்கள். அளந்து பார்த்தவர்கள் சிலர் சுழிக்கு மேல் 10-ஐ ஒட்டியும் சொல்லியிருக்கிறார்கள். குளிர்ந்தும் உறையாமல் தள்ளிப்போடும் குணம் அதற்கு உண்டு என்பதால் இந்த வேறுபாடு. கடத்துதிறன் பாதரசத்தைவிட மூன்று மடங்கு மேல்.

சிக்கல் ஆக்சைடு. காற்றில் துளி ஆக்சிஜன் இருந்தாலும் கேலியத்தின் மேல் சில நானோமீட்டர் கனத்துக்கு ஒரு தோல் படியும். அந்தத் தோல் கண்ணாடி, பிளாஸ்டிக், விரல், சட்டை எதிலும் அப்பிக்கொள்ளும். பாதரசம் கண்ணாடியை நனைக்காமல் உருண்டோடியதுதான் முன்பு சொன்ன வடிவமைப்புக்கு அடிப்படை. இங்கே குப்பியின் உட்சுவரே மெல்ல மெல்ல உலோகம் பூசிய கண்ணாடியாகி, ஒரு நாள் இரண்டு ஊசிகளும் சுவர் வழியாகவே இணைந்து, பட்டனை அழுத்தாமலே ஆலை ஓடத் தொடங்கும்.

மிதக்கும் பிளஞ்சரை நினைத்தவர்களுக்கும் ஒரு செய்தி: கேலின்ஸ்டானின் அடர்த்தி 6.4 தான். அதில் இரும்பு மிதக்காது, அமிழ்ந்துவிடும். பாதரசத்துக்கு வரைந்த படத்தை அப்படியே எடுத்தால், ஓய்வில் இருக்கும்போதே மட்டம் உயர்ந்து இணைப்பு மூடியிருக்கும். காந்தம் பிளஞ்சரைத் தூக்கினால்தான் திறக்கும். ஸ்டார்ட் பட்டன் ஸ்டாப் பட்டனாகிவிடும்.

பேட்டை லேத் எழுதியது:

பிளஞ்சரை உள்ளே குடைந்து, இருபுறமும் மூடி வெல்டு செய்தால் சராசரி அடர்த்தியை 4-க்குக் கீழே கொண்டுவரலாம், அப்போது மிதக்கும். ஆக்சைடுக்கு, குப்பிக்குள் நீர்த்த காஸ்டிக் சோடாக் கரைசலைச் சில துளி விட்டால் தோல் கரைந்து உலோகம் பளபளவென்று உருளும் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். அதைச் செய்யலாமே.

மேலப்பாளையம் மின்னியல் எழுதியது:

காணொளியில் பாத்திரம் திறந்திருக்கிறது, அண்ணாச்சி. மூடிய குப்பிக்குள் அதே கரைசல் கேலியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். போக வழியில்லாமல் அழுத்தம் ஏறும். அதோடு அந்தக் கரைசலே மின்சாரத்தைக் கடத்தும். ஸ்விட்ச் திறந்திருக்கும்போதும் கசிவு மின்னோட்டம் ஓடும் என்றால் அதற்கு ஸ்விட்ச் என்ற பெயர் எதற்கு? நைட்ரஜன் பெட்டிக்குள் நிரப்பி அடைப்பதுதான் வழி. மின்முனைக்கு டங்ஸ்டன் அல்லது டாண்டலம். கேலியத்தின் தாக்குதலை நன்றாகத் தாங்குபவை அவை. அலுமினியம் எங்கேயும், பட்டனின் வெளி உடம்பில்கூட, கூடாது. கேலியம் கசிந்து பட்டால் அலுமினியத்தின் நுண்ணிய படிக மணிகளுக்கு இடையே ஊடுருவி, கையால் ஒடிக்கும் அளவுக்கு நொறுங்க வைத்துவிடும்.

சுரண்டைக்காரன் எழுதியது:

இவ்வளவையும் படித்தபின் ஒரு கேள்வி. உலர்ந்த ரீட் ஸ்விட்ச் ஒன்றை வைத்து, பட்டனில் காந்தம் வைத்தால் முடிந்தது அல்லவா? அதுவும் கண்ணாடிக்குள் அடைத்ததுதான், விலையும் குறைவு. எதற்குத் திரவ உலோகம்?

பொருநைக்கரையான் எழுதியது:

நியாயமான கேள்வி, ஆனால் பாதி நியாயம்தான். திரவ முனை துள்ளாது. உலர்ந்த முனைகள் மூடும்போது மில்லி நொடிக் கணக்கில் பலமுறை தொட்டுத் தொட்டு விலகும். திரவ முனை பற்றவைத்தாற்போல ஒட்டிக்கொள்வதும் இல்லை, ஏனெனில் ஒவ்வொரு முறையும் புதுப் பரப்பே எதிர்கொள்கிறது. மோட்டாரைப் போட்டு நிறுத்தும் பெரிய ரிலேயான கான்டாக்டரின் காயிலை நேரடியாக 230 வோல்ட்டில் இயக்கும்போது, காயில் திறக்கும் தருணத்தில் எழும் மின்னழுத்த எழுச்சி ரீட் முனைகளை ஒட்ட வைத்துவிடும். மின்தடையும் மின்தேக்கியும் தொடராகச் சேர்ந்த தணிப்பானைக் காயிலின் குறுக்கே போட்டால் அது பெருமளவு தணியும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மேலப்பாளையம் மின்னியல் எழுதியது:

தணிப்பான் போட்டாலும் 230 வோல்ட்டை நான் ரீடுக்குக் கொடுக்க மாட்டேன். 24 வோல்ட் நேர்மின்னோட்ட (டி.சி.) கட்டுப்பாட்டுச் சுற்று அமைத்து, ரீட் ஒரு சிறு ரிலேயை மட்டும் இயக்க, அந்த ரிலே கான்டாக்டரை இயக்கட்டும். சிறு ரிலேயின் காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு. துள்ளலைப் பற்றிக் கவலையில்லை. கான்டாக்டருக்குத் துள்ளல் தெரியாது, கணினிச் சுற்றுக்குத்தான் தெரியும்.

எதைச் செய்தாலும் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, அவசர நிறுத்தப் பட்டனுக்கு இந்தக் காந்த முறையைத் தொடவே கூடாது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) 60947-5-1 தரம் சொல்லும் நேரடித் திறப்பு என்பது, முனைகள் ஒட்டியிருந்தாலும் விரலின் விசை இடையில் சுருள்வில்லை நம்பாமல் அவற்றைப் பிரித்தே தீர வேண்டும் என்பது. காந்தப் பிணைப்பு அதைச் செய்ய முடியாது. காந்தம் உடைந்து விழுந்தால் சொல்லவே வேண்டாம். இரண்டு, எலிவேட்டர் வாளிகளும் உருளைகளும் தேய்ந்து உதிரும் இரும்புத் துகள் காந்தத்தின் மேல் தாடி போல வளரும். காந்தம் வெளியே தெரியக் கூடாது. 316 ரகத் துருவேறா எஃகு மூடிக்குள் இருக்க வேண்டும். 304 ரகத்தை அழுத்தி வளைத்தால் ஓரளவு காந்தத்தன்மை வந்துவிடும்.

வண்ணார்பேட்டை டீச்சர் எழுதியது:

வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்குப் பார்த்த தகரப் பேனல் அக்னி நட்சத்திரத்தில் நன்றாகவே கொதிக்கும். சாதாரண ரக நியோடிமியத்தை 80 டிகிரிக்கு மேல் விடக் கூடாது. ஃபெர்ரைட் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.2 விழுக்காடு புலத்தை இழக்கும். 30-லிருந்து 70-க்குப் போனால் 8 விழுக்காடு. ரீட் என்றால் இழுக்கும் தூரத்தில் அந்த அளவுக்கு இடம் விட்டுப் பொருத்தினால் போதும்.

அம்பை அரவை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஸ்டார்ட் பட்டனுக்கும் சாதாரண ஸ்டாப் பட்டனுக்கும் 24 வோல்ட்டில் ரீட் வைத்துச் செய்யப் போகிறேன். அவசர நிறுத்தம் இப்போது இருப்பதைப் போலவே நேரடித் திறப்புப் பட்டனாக இருக்கும், அதைத் தூசி புகாத தனிப் பெட்டிக்கு மாற்றுகிறேன். சாதாரண ஸ்டாப்புக்கு, ஓய்வில் மூடியிருந்து காந்தம் நெருங்கினால் திறக்கும் வகை ரீடா, அல்லது ஓய்வில் ஒரு காந்தம் மூடி வைத்திருக்க, பட்டன் அந்தக் காந்தத்தை அகற்றும் முறையா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

மேலப்பாளையம் மின்னியல் எழுதியது:

இரண்டாவது முறை. கம்பி அறுந்தாலும், காந்தம் கழன்று விழுந்தாலும் சுற்று திறந்து ஆலை நிற்கும். முதல் முறையில் காந்தம் விழுந்தால் ஆலை ஓடிக்கொண்டே இருக்கும், பட்டனை அழுத்தியும் பயனிராது.

பேட்டை லேத் எழுதியது:

அப்படியானால் பட்டனை அழுத்தும்போது காந்தம் ரீடை விட்டு விலகிப் போக வேண்டும். ரீடைப் பட்டனுக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, காந்தம் அதைக் கடந்து கீழே இறங்கும்படி கடைகிறேன். ஓய்வு நிலையில் காந்தத்தின் மேல் ஒரு சிறு இரும்பு வளையத்தையும் வைக்கிறேன். காந்தம் அதில் ஒட்டியிருந்து, அழுத்தும்போது சட்டென்று பிய்த்துக்கொண்டு இறங்கினால் விரலுக்கும் ஒரு சொடுக்கு தெரியும். ரீடின் கண்ணாடி நீளத்தையும், கதவுத் துளை 22 மி.மீ. தானா என்பதையும் அளந்து எழுதுங்கள்.